ஒற்றிஸ் றெடிங்: முதற்பாட்டும் வழிப்பாட்டும்

1965ஆம் ஆண்டிலே அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஓர் இளைஞர் ஒரு பாட்டை இயற்றித் தாமே பாடி இசைத்தட்டாக வெளியிட்டார். ஈராண்டு செல்ல, அதே பாட்டை ஓர் இளம்பெண் சில மாற்றங்கள் செய்து பாடினார். இன்று உலகம் அறிந்தது பின்னவர் பாட்டையே. முன்னவரே அதனை ஆக்கினார் என்பதை அறிந்தவர் சிலர். அறிந்தும் அவர் பாடியதைக் கேட்டவர் மிகச் சிலர். அவ்விளைஞரின் பெயர் ஒற்றிஸ் றெடிங். 26 வயதிலே மறைந்த அவருடைய வரலாற்றைச் சொல்லப் புகும் யான் அப்பாட்டின் வரலாற்றையும் உடன் சொல்ல வேண்டியவனாகின்றேன். ஒன்றை விட்டு மற்றதைச் சொல்லுதல் இயலாது.

நூல்களை முதனூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்துதல் நம் இலக்கண மரபு. வழிநூல் செய்வோன் முதனூலின் கருத்தைத் தழுவிச் செல்லினும், தான் வேண்டிய வேறுபாட்டையும் அதனுட் புகுத்த உரிமையுடையவன் என்பது அம்மரபு தரும் தெளிவு. ஒருவர் பாடி வெளியிட்ட பாட்டைப் பிறிதொருவர் மீண்டும் பாடி வெளியிடுதலை ஆங்கிலத்திற் ‘கவர்’ என வழங்குவர். அதனை யான் இக்கட்டுரையில் வழிப்பாட்டு என்றே வழங்குவேன். இதனினும் நல்ல சொல் அறிந்த அன்பர் உளராயின் தெரிவித்து உதவுக.

றெடிங் 1941ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 9ஆம் திகதி ஜோர்ஜியா மாநிலத்து டோசன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் பிறர் நிலத்தை உழுது விளைவிற் பங்கு கொடுத்து வாழ்ந்தவர். பின்னர் மேக்கன் நகருக்குக் குடிபெயர்ந்து அண்மையிலிருந்த விமானப்படைத் தளத்தில் வேலை பார்த்தார். அவர் தேவாலயத்திற் பிரசங்கம் செய்பவருமாவர். மகன் அந்நகர்த் தேவாலயமொன்றின் பாடகர் குழுவிலே பாடி வளர்ந்தான். தந்தையார் காசநோயுற்று வீழ்ந்தபோது 15 வயதான மகன் பள்ளியை விட்டுக் கிணறு தோண்டியும் பெற்றோல் நிலையத்தில் நின்றும் குடும்பத்தைத் தாங்க நேர்ந்தது. நம்மவர் பலருடைய இளமை வரலாறும் இத்தகையதே ஆதலின் இதனை விரிக்க வேண்டுவதில்லை.

இனி, அவர் பாடிய இசை யாது என்பதைச் சிறிது சொல்லுதல் வேண்டும். அதற்குச் ‘சோல்’ என்று பெயர். அவ்வாங்கிலச் சொல்லின் பொருள் ஆன்மா என்பதே. ஆயினும் ஆன்ம இசை என மொழிபெயர்த்தால் வாசகர் அதனைப் பக்திப் பாடல் என மயங்குவர். அம்மயக்கத்திலும் ஓர் உண்மை உண்டு. கறுப்பின மக்களின் தேவாலயங்களிலே கைகொட்டியும் கதறியும் பாடப்பட்ட துதிப்பாடல்களின் மெட்டையும் உருக்கத்தையும் எடுத்துக்கொண்டு, இறைவன் நின்ற இடத்திற் காதலியை நிறுத்தினால் பிறப்பது இவ்விசை. 1954இல் றே சாள்ஸ் என்னும் கண்ணிழந்த பாடகர் துதிப்பாடல் ஒன்றன் மெட்டில் ஒரு காதற்பாட்டை அமைத்துப் பாடியபோது இவ்வழி திறந்தது. தேவாலயத்தார் பலர் சினந்தனர். தமிழில் இஃது எதிர்த்திசையில் நிகழ்ந்தது என்பது நினைக்கத்தக்கது. அகப்பொருள் மரபிலே காதலன் நின்ற இடத்தில் நம் அடியார்கள் இறைவனை நிறுத்தினர். ஒருவரும் சினந்ததாகத் தெரியவில்லை.

மேக்கன் நகரிலே டக்ளஸ் அரங்கில் நடந்த இளம்பாடகர் போட்டிகளிலே, அந்நகரத்தவரே ஆன லிற்றில் றிச்சாட் என்பாரைப் பின்பற்றிப் பாடி றெடிங் பரிசு பெற்றார். தொடர்ந்து 15 முறை வென்றதனாற் பின்னர் அவரைப் போட்டியிட விடவில்லை என்பர். அதன்பின் ஜோனி ஜென்கின்ஸ் என்னும் கிட்டார் வல்லுநரின் குழுவிற் சேர்ந்தார். 1961இல் செல்மா என்னும் பெண்ணை மணந்தார். 1962 ஒக்ரோபரிலே ஜென்கின்ஸ் இசைத்தட்டுப் பதிவு ஒன்றுக்காக ரெனசி மாநிலத்து மெம்பிஸ் நகருக்குச் செல்ல நேர்ந்தது. அவருக்குக் கார் ஓட்ட அனுமதிப் பத்திரம் இல்லை. ஓட்டிச் சென்றவர் றெடிங். பதிவு நன்கு அமையவில்லை. நேரம் எஞ்சியிருந்தது. சாரதியாய் வந்தவர் தம்மையும் ஒருமுறை பாட விடுமாறு கேட்டார். அவர் அன்று பாடிய மெல்லிய காதற்பாட்டே அவருடைய முதற் புகழுக்குக் காரணமாயிற்று.

அப்பாட்டுப் பதிவான இடம் ஸ்ராக்ஸ் என்னும் நிறுவனத்தின் கூடம். வங்கியில் வேலைபார்த்த ஜிம் ஸ்ருவேட் என்பாரும் அவர் தமக்கையார் எஸ்ரல் அக்ஸ்ரன் என்பாருமே அதனை நடத்தினர்; இருவர் பெயரின் முதலெழுத்துக்களும் சேர்ந்தே நிறுவனத்தின் பெயராயின. மக்லமோர் வீதியில் மூடப்பட்டுக் கிடந்த ஒரு படமாளிகையை வாடகைக்குப் பெற்று, இருக்கைகளை அகற்றிவிட்டு, அங்கே பாட்டுக்களைப் பதிவு செய்தனர். படம் பார்ப்போருக்காகச் சரிவாக அமைத்த தளத்தைச் சமன்செய்யப் பணம் இல்லாமையால் அஃது அவ்வாறே விடப்பட்டது. சரிந்த தளத்தினாலேதான் அக்கூடத்து ஒலிக்குத் தனித்தன்மை வாய்த்தது என்று பின்னர்ப் பலர் கூறினர். முன்பு இனிப்புப் பண்டம் விற்ற இடத்திலே தமக்கையார் இசைத்தட்டுக் கடை வைத்தார். தெருவில் வரும் பிள்ளைகள் எந்தத் தட்டை விரும்பி வாங்குகின்றனர் என்பதை அங்கு நின்று அறிந்து தம்பிக்குச் சொல்லுவார்.

இதனினும் பெரிய செய்தி ஒன்றுண்டு. அந்நாளில் மெம்பிஸ் நகரிலே கறுப்பரும் வெள்ளையரும் ஒரே உணவுச்சாலையில் ஒருங்கிருந்து உண்ணுதல் அரிது. அக்கூடத்திலோ, புக்கர் ரி. ஜோன்சும் அல் ஜாக்சனும் ஆகிய கறுப்பரும், ஸ்ரீவ் குரொப்பரும் டொனால்ட் டண்ணும் ஆகிய வெள்ளையரும் ஒரே குழுவாயிருந்து வாசித்தனர். கதவுக்கு உள்ளே ஒரு நாடு. கதவுக்கு வெளியே வேறொரு நாடு.

இசைக்குறிப்பு எழுத றெடிங் கற்றவரல்லர். ஊதுகருவி வாசிப்போருக்கு அவரவர் பகுதியை வாயாலே பாடிக் காட்டுவார். அவர்கள் அதைக் கேட்டு அவ்வாறே ஊதுவர். குரல் சற்றே கரகரத்தது. இனிய குரல் என்று அதனைச் சொல்லல் ஆகாது. மெல்லெனத் தொடங்கி, படிப்படியாக ஏறி, ஈற்றிலே சொல்லையே துண்டு துண்டாக உடைத்து மன்றாடும் முறை அவருடையது. பிரசங்கியாரின் மகன் என்பதை அங்கே காணலாம்.

1965 யூலை மாதத்தில், ஏறக்குறைய 24 மணித்தியாலத்துள், இடையே கலைஞர் சிலர் இரவு விடுதிகளுக்கு வாசிக்கச் சென்று மீள, ஒரு முழுத் தட்டுக்குரிய பாட்டுக்கள் பெரும்பாலும் அக்கூடத்திற் பதிவாயின. அவற்றுள் ஒன்றுதான் இக்கட்டுரைக்குக் காரணமான ‘றெஸ்பெக்ற்’. மதிப்பு, மரியாதை என்பது அச்சொல்லின் பொருள். பாட்டைச் சொல்லுபவன் ஒரு கணவன். வெளியே சென்று உழைக்கிறான்; பணம் கொணர்ந்து கொடுக்கிறான்; வேறு எதையும் மறுத்தாலும் மறுக்க, வீடு திரும்பும்போது தனக்குச் சிறிது மதிப்பு வேண்டும் என்று மனைவியை இரக்கிறான். ஊதுகருவிகள் விரைந்து முழங்க, பறை அதிர, பாட்டு ஓடுகிறது. ஓகஸ்ட் மாதத்தில் வெளிவந்த அது, கறுப்பின மக்களின் இசைக்கெனப் ‘பில்போட்’ இதழ் வகுத்திருந்த வரிசையிலே 4ஆம் இடத்தையும், பொது வரிசையிலே 35ஆம் இடத்தையும் எய்தியது. இழிவான இடமன்று, உச்சியுமன்று.

மதிப்பு என்னும் சொல் அந்நாட்டுத் தென்மாநிலக் கறுப்பர் வாயில் வரும்போது வீட்டுக்குள் அடங்கும் சொல்லன்று. நரைத்த தலையினரையும் வெள்ளைச் சிறுவர் ‘பையா’ என்று அழைத்த நாடு அது. 1964இல் குடியுரிமைச் சட்டமும் 1965இல் வாக்குரிமைச் சட்டமும் நிறைவேறிய காலத்திலே, வெளியே எவரும் தராத ஒன்றை வீட்டிலாவது தருக என்று ஒருவன் கேட்கிறான். றெடிங் அவ்வாறு கருதி எழுதினார் என்று யான் சொல்லவில்லை. கேட்டவர் சிலர் அவ்வாறும் கேட்டிருப்பர் என்றே சொல்லுகிறேன்.

இவ்விடத்திலே ஒரு செய்தியை மறத்தல் கூடாது. பிறர் பாட்டைத் தமதாக்குதலில் றெடிங்கும் பெரிய கையினரே. அதே யூலைப் பதிவிலே, சில வாரங்களுக்கு முன் வெளிவந்திருந்த ‘றோலிங் ஸ்ரோன்ஸ்’ என்னும் ஆங்கிலேய இளைஞர் குழுவின் ‘சற்றிஸ்பக்சன்’ என்ற பாட்டையும் எடுத்து, அவர்கள் கிட்டாரில் வாசித்த பகுதியை ஊதுகருவிகளுக்குக் கொடுத்துத் தம் வழியிற் பாடினார். அடுத்த ஆண்டு ‘டிரை எ லிற்றில் ரெண்டர்னஸ்’ என்பதைப் பாடினார். 1932இல் மூவர் சேர்ந்து இயற்றிய அது வெள்ளைப் பாடகர் பலர் விருந்து மண்டபங்களிலே அமைதியாகப் பாடிய பாட்டு. றெடிங் அதனைத் துயிலெழுப்புவார் போல மெல்லத் தொடங்கி, கடிகாரம் அடிப்பது போன்ற பறையோசை மேல் ஏற்றி ஏற்றி, ஈற்றிலே புயலாக முடித்தார். இன்று அப்பாட்டு அவருடையதே என்று உலகம் எண்ணுகிறது. முதலில் இயற்றிய மூவரையும் எவர் நினைக்கிறார்? அவருக்கு நான்கு ஆண்டு முன்னே, 1962இல், அதே பாட்டை ஓர் இளம்பெண்ணும் தட்டிற் பாடியிருந்தார். அது பெரிதும் எடுபடவில்லை. அப்பெண்ணின் பெயர் அறேத்தா பிராங்கிளின்.

அறேத்தாவும் பிரசங்கியாரின் மகளே. 1942இல் மெம்பிஸ் நகரிற் பிறந்து டிற்ரொயிற் நகரில் வளர்ந்தவர். தந்தையார் சி. எல். பிராங்கிளின் நாடறிந்த போதகர். கொலம்பியா நிறுவனத்தார் அவருக்கு ஆறாண்டு எத்தனையோ வகைப் பாட்டுக்களைக் கொடுத்தும் அவர் குரலுக்குரிய இடத்தைக் கண்டிலர். பின்னர் அத்திலாந்திக் நிறுவனத்து ஜெறி வெக்ஸ்லர் அவரைத் தம்மிடம் அழைத்து, பியானோவின் முன் இருத்தி, அவர் போக்கிலே பாட விட்டார். 1967 பெப்ரவரி 14ஆம் திகதி நியூ யோர்க் நகரில் அவர் ‘றெஸ்பெக்ற்’ பாட்டைப் பதிவு செய்தார். தமக்கையார் ஏர்மாவும் தங்கையார் கரொலினும் உடன் பாடினர்.

அவர் செய்த மாற்றங்கள் மூன்றை மட்டும் சுட்டுவேன். றெடிங்கின் பாட்டிலே நடுவே ஓய்ந்து வேறுபடும் பகுதி இல்லை. அறேத்தாவின் பாட்டிலே கிங் கேட்டிஸ் என்பார் வாசிக்கும் சாக்சபோன் பகுதி இடையிலே புகுந்தது. அதற்கு அடிப்படையான சுர அடுக்கும் ஸ்ராக்ஸ் கூடத்து வேறொரு பாட்டிலிருந்து எடுத்ததே. இரண்டாவது, அந்த ஓர் ஆங்கிலச் சொல்லை ஏழெழுத்தாகப் பிரித்து ஒவ்வோரெழுத்தாக உச்சரித்து நிறுத்தினார். றெடிங் பாடியதில் இஃது இல்லை. பாலர் வகுப்பிலே ஆசிரியை எழுத்துக்கூட்டச் சொல்லுவது போல, அறியாதவனுக்கு அறிவுறுத்தும் தொனி அதனாற் பிறந்தது. உடன்பிறந்தார் இருவரும் இடையிடையே குரல் கொடுக்க, ஒருத்தியின் கேள்வி மூவரின் கேள்வியாயிற்று. இது மூன்றாவது.

இவை எல்லாவற்றினும் பெரிய மாற்றம் சொல்லுவோர் மாறியதே. அகப்பொருளிற் கூற்று என்னும் பகுதியை மாணவர்க்குப் படிப்பிக்கும்போது, சொற்கள் பெரிதும் மாறாமலே, சொல்லுவோர் மாறுவதனாற் பொருள் முற்றும் மாறும் என்பதை விளங்கவைக்க யான் பல ஆண்டு முயன்றிருக்கிறேன். எங்கள் கல்லூரி மாணவி ஒருத்தி இவ்விரு பாட்டுக்களையும் அதற்கு எடுத்துக்காட்டாகக் கூறினாள். அடுத்தடுத்துக் கேட்டேன். பொருத்தமான காட்டே. தலைவன் கூற்றாக நின்றபோது அது வீட்டுத் தலைவனுக்குரிய உரிமையை வேண்டும் பாட்டு. தலைவி கூற்றானவுடன், அவ்வுரிமையையே கேள்விக்கு உட்படுத்தும் பாட்டாகிறது. அவளிடமும் பணம் உண்டு; அவனுக்கு வேண்டியவை எல்லாம் அவளிடம் உண்டு; இரந்து நிற்க வேண்டியவள் அல்லள். றெடிங் கேட்டது இரப்பு. அறேத்தா கேட்டது கடன் மீட்பு. 1967 ஏப்பிரிலில் வெளிவந்த அத்தட்டு யூன் மாதத் தொடக்கத்திலே பொது வரிசையில் முதலிடம் பெற்று இரு வாரம் நின்றது. கறுப்பின மக்கள் தம் உரிமைக்காகவும், பெண்கள் தம் உரிமைக்காகவும் அதனைத் தமது பாட்டாகக் கொண்டனர்.

றெடிங்கிடமிருந்து பாட்டுப் பறிக்கப்பட்டதா? சிலர் அவ்வாறு எழுதுகின்றனர். யான் உடன்படேன். அந்நாட்டு 1909ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒரு பாட்டு ஒருமுறை தட்டாக வெளிவந்துவிட்டால், வேறெவரும் உரிய பணத்தைச் செலுத்தி அதனைப் பதிவு செய்யலாம். அந்நாளிற் சட்டம் விதித்த அளவு தட்டொன்றுக்கு 2 சதம். அது பாட்டை இயற்றியவரையும் வெளியிட்டவரையும் சேரும். வானொலி ஒலிபரப்பிலோ நிலைமை இன்னும் விந்தையானது. அந்நாட்டு வானொலி நிலையங்கள் பாட்டாசிரியருக்குரிய பணத்தையே நெடுங்காலமாகக் கொடுத்து வந்தன. பாடியவருக்குக் கொடுக்க வேண்டும் என்ற சட்டம் இருக்கவில்லை. ஆகவே அறேத்தாவின் குரல் வானொலியில் ஒலித்த ஒவ்வொரு முறையும் பணம் சென்றது றெடிங்கின் பக்கமே. பறிபோனது பணமன்று, பெயர்.

உண்மையாகவே பறிபோனது வேறொன்று. ஸ்ராக்ஸ் நிறுவனம் தன் தட்டுக்களை நாடெங்கும் விற்பதற்கு அத்திலாந்திக் நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்திருந்தது. ஸ்ருவேட் ஊன்றிப் படியாமற் கையெழுத்திட்ட அப்பத்திரத்தில், பதிவான மூலநாடாக்கள் எல்லாம் அத்திலாந்திக்கிற்கே உரியன என்று எழுதியிருந்தது. 1968இலேதான் இது வெளிப்பட்டது. சரிந்த தளத்திலே நின்று றெடிங் பாடியவை அனைத்தும் அக்கூடத்தாருக்கு உரியன அல்லவாயின. அறேத்தாவின் வழிப்பாட்டைக் குறைகூறுவோர் இப்பத்திரத்தைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை.

1967 யூன் 17ஆம் திகதி இரவு கலிபோர்ணியா மாநிலத்து மொன்ரறே என்னும் இடத்திலே நடந்த இசைவிழாவில், பெரும்பாலும் வெள்ளை இளைஞர் நிறைந்த பெருங்கூட்டத்தின் முன் றெடிங் பாடினார். அறேத்தாவின் தட்டு முதலிடம் பெற்றுச் சில நாள்களே ஆகியிருந்தன. ‘றெஸ்பெக்ற்’ பாட்டைத் தொடங்குமுன், இஃது ஒரு பெண் தம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்ட பாட்டு என்று சிரித்தபடி சொன்னார். சிரிப்பிலே சிறிது துயரும் உண்டு என்று கேட்போர் சிலர் கூறுவர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. சொல்லி முடித்தவுடன் முன்னினும் விரைவாக அதனைப் பாடினார். பிறர் பாட்டுக்களாகிய ‘சற்றிஸ்பக்சன்’, ‘ரெண்டர்னஸ்’ இரண்டையும் அதே மேடையிற் பாடி இறங்கினார். கொடுத்ததும் கொண்டதும் அறிந்தவர் அவர்.

அவ்வாண்டு ‘மெலடி மேக்கர்’ என்னும் ஆங்கிலேய இதழின் வாசகர், எல்விஸ் பிறெஸ்லி பல ஆண்டு வகித்த உலகின் முதற் பாடகர் என்னும் இடத்தை அவருக்கு வழங்கினர். ஆயினும் தம் நாட்டுப் பொது வரிசையில் 21ஆம் இடத்துக்கு மேல் அவர் பாட்டொன்றும் அதுவரை ஏறியதில்லை. இலையுதிர் காலத்திலே தொண்டையிற் சத்திரசிகிச்சை நடந்தது. சில வாரம் பேசவும் தடை. மீண்டும் மெம்பிஸ் கூடத்துக்கு வந்தபோது, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாக் கரையிலே ஒரு படகுவீட்டில் தங்கியிருந்தபோது தொடங்கிய பாட்டொன்றைக் குரொப்பரோடு சேர்ந்து முடித்தார். ஊரை விட்டு வந்த ஒருவன் துறையில் அமர்ந்து அலைகளைப் பார்த்திருக்கிறான், வேறொன்றும் நிகழ்வதில்லை. கதறல் இல்லை, மன்றாட்டு இல்லை, முழக்கமில்லை. ஈற்றிலே சொல்லும் ஓய்ந்து சீழ்க்கையொலி மட்டும் எஞ்சுகிறது. கூடத்தார் சிலருக்கு அது பிடிக்கவில்லை. றெடிங்கின் பாட்டுப்போல் இல்லை என்றனர்.

டிசெம்பர் 10ஆம் திகதி கிளீவ்லன்ட் நகரிலிருந்து விஸ்கொன்சின் மாநிலத்து மடிசன் நகருக்குப் பறந்த அவருடைய சிறு விமானம், இறங்குவதற்குச் சில மைல் தொலைவிலே மொனோனா என்னும் குளிர்ந்த ஏரியில் வீழ்ந்தது. அவரோடு ‘பார்-கேய்ஸ்’ என்னும் வாத்தியக் குழுவைச் சேர்ந்த, 20 வயது எட்டாத நால்வரும், விமானியும், உதவியாளரான ஒரு சிறுவரும் இறந்தனர். பென் கோலி என்னும் ஒருவரே பிழைத்தார். மேக்கன் நகர மண்டபத்தில் இறுதிச் சடங்கு நடந்தபோது 3,000 பேர் கொள்ளும் இடத்துக்கு 4,500 பேர் வந்தனர் என்பர். தம் பண்ணை நிலத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

குரொப்பர் தம் நண்பரின் இறுதிப் பதிவைக் கையிலெடுத்து, அலையோசையும் கடற்பறவையின் குரலும் சேர்த்து முடித்துக்கொடுத்தார். 1968 சனவரியில் வெளிவந்த ‘டொக் ஒவ் த பே’ மார்ச் மாதத்திலே பொது வரிசையின் முதலிடத்தை அடைந்தது. பாடியவர் இறந்தபின் ஒரு பாட்டு அவ்விடத்தை அடைந்தது அந்நாட்டில் அதுவே முதன்முறை. அதற்குச் சிறிது முன்னரேதான் அறேத்தாவின் ‘றெஸ்பெக்ற்’ இரண்டு கிராமி விருதுகளைப் பெற்றிருந்தது. அறேத்தா அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் அப்பாட்டைப் பாடி, 2018 ஓகஸ்ட் 16ஆம் திகதி காலமானார்.

ஸ்ராக்ஸ் நிறுவனம் 1975இல் முறிந்தது. மக்லமோர் வீதிப் படமாளிகை 1989இல் இடிக்கப்பட்டு வெறுநிலமாய்க் கிடந்தது. 2003இல் அதே நிலத்தில் அதே வடிவிலே ஒரு காட்சிச்சாலை எழுப்பினர். பதிவுக்கூடத்தின் தளத்தைச் சமமாக அமைக்க இம்முறை பணம் இருந்தது. ஆயினும் சரிவாகவே அமைத்திருக்கின்றனர்.